குறை தென்படவில்லை

இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான். ஒரு வண்டி உதறுகிறதா இல்லையா என்று எனக்கு எவனும் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை. எந்தச் சக்கரத்தில் கல் மாட்டியிருக்கிறது, கடைசி வரிசையில் எந்தப் பொடியன் எழுந்து நின்று ஆடுகிறான் என்பதெல்லாம் ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட என்னிடம், அதே பேருந்தில் நான் மூக்கைத் துடைத்துவிட்ட கோல்பி ரஸ்டாட், இன்று வண்டிக் கம்பெனியின் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, நாலு மாதமாக ஒரே பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தான். வண்டியில் குறை தென்படவில்லையாம்.

வண்டி போன அக்டோபரில் வாங்கிய புது பிக்கப். கோடையில் என் கணவன் ஆரினுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று டாக்டர் சொன்னார். எங்கள் ஊரிலிருந்து பில்லிங்ஸுக்குப் போக நூற்றுப்பத்து மைல், வர நூற்றுப்பத்து மைல். தாழ்வான காரில் ஏற ஆரினின் இடுப்பு மடங்காது. இளவயதில் ஒரு குதிரை செய்த உபகாரம் அது. மூன்று லட்சம் மைல் ஓடிக் களைத்த பழைய பிக்கப்பை நம்பி மொன்டானா பனியில் இறங்கவும் முடியாது. அதனால் எங்கள் பண்ணையின் அந்த வருடத்துக் கன்றுகளை விற்றதும் முதல் வேலையாகப் புது வண்டி எடுத்தோம்.

எடுத்த மறுநாளே பின்தொட்டியில், பின் அச்சுக்கு நேர் மேலாக, எட்டு மணல் மூட்டைகளை அடுக்கினேன். மூட்டை ஒன்று அறுபது பவுண்டு. காலித் தொட்டியோடு பனியில் போகிறவனை அடுத்த வளைவில் பள்ளத்துக்குள்தான் பார்க்கலாம். எங்கள் பக்கத்தில் அக்டோபரில் ஏறும் மணல் ஏப்ரலில்தான் இறங்கும்.

முதல் பயணத்திலேயே உதறல் வந்தது. அறுபதில் ஒன்றுமில்லை, அறுபத்தைந்திலும் ஒன்றுமில்லை. எழுபத்திரண்டைத் தாண்டியதும் இருக்கைக்கு அடியிலிருந்து கிளம்பியது. ஸ்டியரிங் ஆடவில்லை. அப்படியென்றால் முன் சக்கரத்தில் கோளாறு இல்லை, பின்னால்தான் எங்கேயோ என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"என்ன லவோன், ரோட்டோர மேடுபள்ளக் கோட்டு மேல ஏத்திட்டியா?" என்றான் ஆரின்.

"நடு ரோட்டுலதான்யா போறேன்."

"அப்ப என் முதுகுல யாரு சோளம் அரைக்கறது?"

இரண்டு பேரும் சிரித்தோம். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

அறுபதிலேயே போகக்கூடாதா என்று கேட்பீர்கள். கோல்பியும் கேட்டான். எண்பது மைல் வேகம் அனுமதித்த சாலையில், பாதி பனிக்கட்டியின் மேல், அறுபதில் போய்ப் பாருங்கள். பதினெட்டுச் சக்கர லாரிகள் ஒவ்வொன்றாக உரசிக்கொண்டு தாண்டும்போது முகத்தில் அடிக்கிற சேற்றுப்பனியில் முன்னால் இருப்பது சாலையா வானமா என்றே தெரியாது. தாமதமாகப் போனால் டயாலிசிஸ் நாற்காலி அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதெல்லாம் இருக்கட்டும். எண்பதில் போகிற வண்டி என்று சொல்லி விற்றுவிட்டு, இப்போது அறுபதில் போ என்றால், நான் என்ன இளிச்சவாயா?

நவம்பரில் வண்டியை விற்ற கம்பெனியின் பட்டறைக்கே கொண்டுபோனேன். எங்கள் வீட்டிலிருந்து நாலே மைல். வாசலிலேயே பெரிய எழுத்தில் பலகை: "பழுது பார்க்க வரும் பிக்கப்களின் பின்தொட்டி காலியாக இருக்க வேண்டும்." நியாயம்தானே என்று நானும் ஒத்துப்போனேன். வைக்கோலும் சாணியும் வேலிக்கம்பியுமாக வண்டியை அடுத்தவன் பட்டறையில் கொண்டு நிறுத்துவது எங்கள் ஊரில் அழுக்குச் சட்டையோடு தேவாலயத்துக்குப் போவதற்குச் சமம். கிளம்புவதற்கு முன் எட்டு மூட்டைகளையும் நானே இறக்கினேன். ஆரினால் பத்து பவுண்டுகூடத் தூக்க முடியாது. டயாலிசிஸ் ஊசி போடுகிற கை. இறக்கி, தொட்டியைக் கூட்டி, வண்டியைக் கழுவி, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி சிங்காரித்துக் கொண்டுபோய் விட்டேன். வீட்டுக்கு வந்ததும் எட்டையும் திரும்ப ஏற்றினேன். எனக்கு வயது அறுபத்திரண்டு.

முதல் தடவை வீல் பேலன்சிங் செய்தார்கள். இரண்டாம் தடவை, டிசம்பரில், டயர்களை முன்னுக்குப் பின் மாற்றினார்கள். இரண்டு தடவையும் மெக்கானிக் லைல் நெடுஞ்சாலையில் அடுத்து வெளியேறும் வழி வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பினார். இரண்டு தடவையும் எனக்குக் கிடைத்தது ஒரு காகிதம். எழுபத்தைந்து மைல் வேகத்தில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. குறை தென்படவில்லை.

ஜனவரியில் மூன்றாம் தடவை. வரவேற்பு மேசைக்குப் பின்னால் கோல்பி. பக்கத்தில் பாப்கார்ன் மெஷின் பொரிந்துகொண்டிருந்தது. வண்டியைச் சரி செய்ய வக்கில்லை, பாப்கார்ன் மட்டும் இலவசம்.

"ஹாகன் அம்மா, நான் சொல்றேனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தான். இப்படி ஆரம்பிக்கிற எவனும் நல்லதாக எதுவும் சொன்னதில்லை.

"தப்பா எடுத்துக்கறதா வேண்டாமான்னு நீ சொன்ன பிறகு பாத்துக்கறேன். சொல்லு."

"இங்க காத்து ஜாஸ்தி. ரோடும் மோசம். லைல் மூணு தடவை ஓட்டிட்டாரு. வண்டி வெண்ணெ மாதிரி போகுது. ஒருவேளை..." குரலைத் தாழ்த்தினான். "ஒருவேளை ஆரின் ஐயாவுக்கு உடம்பு சரியில்லாததால அப்படித் தெரியுதோ என்னமோ. எங்க பெரியப்பாவும் கடைசி காலத்துல எதைத் தொட்டாலும் நடுங்குது நடுங்குதுன்னுவாரு."

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பாப்கார்ன் மெஷினைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். "எனக்கும் உதறுதே, நானும் சாகக் கிடக்கறேனா?" என்று கத்தினேன். காத்திருந்த இரண்டு பேர் காபிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். கோல்பி மூன்றாவது காகிதத்தை மேசையில் தள்ளினான். அதே இரண்டு வார்த்தை.

அன்று நான் ஒரு காரியம் செய்தேன். அதைச் சொல்ல இப்போதும் வாய் கூசுகிறது. கத்திவிட்டுத்தான் வந்தேன், ஆனால் அச்சடித்த காகிதம் மூன்று தடவை ஒரே விஷயத்தைச் சொன்னால் மனசுக்குள் ஒரு மூலையில் சந்தேகம் புகுந்துவிடுகிறது. ஒருவேளை எனக்குத்தான் வயதாகிவிட்டதோ? ஒருவேளை சாலைதானோ? மறுநாள் பில்லிங்ஸிலிருந்து திரும்பும்போது, ஆரின் கதவுக்கு மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முனகினான். நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து முடித்த உடம்பு. தலை சுற்றும், குமட்டும். நானும் களைத்திருந்தேன். "ஆரின், வண்டியில ஒண்ணும் இல்லைன்னு மூணு தடவை எழுதிக் குடுத்துட்டாங்க. நீயே பாரு" என்று காகிதத்தை எடுத்து அவன் மடியில் போட்டேன். சத்தமாகப் படித்தும் காட்டினேன்.

அதற்குப் பிறகு அவன் உதறலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அப்பாடா என்று இருந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் ஆரின் இறங்கவில்லை. கண்ணாடி வழியே கொட்டகையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"லவோன், நான் இனிமே வரல."

"எங்க வரல?"

"பில்லிங்ஸ். போதும். ஊசி பரவால்ல, அந்த நாற்காலி பரவால்ல. இந்த வண்டியில போய்ட்டு வர்ற மூணு மணி நேரத்த என்னால தாங்க முடியல. வண்டியில ஒண்ணும் இல்லைன்னா எனக்குத்தான் எல்லாம் முடிஞ்சு போச்சு. விடு."

"விட்டா எத்தன நாளுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். நர்ஸ்கிட்ட கேட்டேன். பத்து நாள், மிஞ்சிப் போனா ரெண்டு வாரம்."

கேட்டிருக்கிறான்! என்னிடம் சொல்லாமல் நர்ஸிடம் கேட்டு வைத்திருக்கிறான். நான் அழுதேன், திட்டினேன், வெளியூரில் இருக்கும் மகளுக்கு போன் போடுவேன் என்று மிரட்டினேன். அவன் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை எழுந்திருக்கவே இல்லை. பில்லிங்ஸ் நர்ஸ் போனில் வந்தாள். "நாளைக்குப் பதினோரு மணிக்கு ஒரு நாற்காலி காலி பண்ணி வைக்கறேன். எப்படியாச்சும் கூட்டிட்டு வந்துருங்க. அதையும் விட்டா நேரா அவசர சிகிச்சைதான்" என்றாள். அதாவது எனக்கு இருந்தது ஒரே ஒரு நாள்.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோக மணல் மூட்டைகளை இறக்கப் போனேன். அசையவில்லை. சனிக்கிழமை திடீரென்று வெப்பக்காற்று வீசிப் பனியெல்லாம் உருகித் தொட்டியில் தேங்கியிருந்தது. ஞாயிறு இரவு குளிர் பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே போய்விட்டது. எட்டு மூட்டையும் தொட்டியோடு சேர்ந்து ஒரே பாறையாக இறுகிக் கிடந்தன. மண்வெட்டியால் நெம்பினேன். கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினேன்; அதுவும் பத்து நிமிடத்தில் உறைந்து இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மண்வெட்டியை வீசிவிட்டு அப்படியே கிளம்பிவிட்டேன்.

கோல்பி வெளியே வந்து தொட்டியை எட்டிப் பார்த்தான்.

"அம்மா, தொட்டி காலியா இருக்கணும்னு—"

"பலகையப் படிக்கத் தெரியும். நாலு மாசமா படிச்சுட்டுத்தான் இருக்கேன். மூணு தடவை ஏத்தி இறக்கினேன். இன்னிக்கு முடியாது. உறைஞ்சு கெடக்கு. நீ வேணா இறக்கு."

அவன் ஒரு மூட்டையை இழுத்துப் பார்த்தான். கையுறைதான் கிழிந்தது.

"நாளைக்கு அவர் டயாலிசிஸுக்குப் போகலைன்னா செத்துருவாரு கோல்பி. இந்த வண்டியில போக மாட்டேங்கறாரு. புரியுதா? இப்ப லைலைக் கூப்பிடு. நானும் கூட உக்காருவேன். எழுபத்தஞ்சுல நான் காட்டறேன்."

"வாடிக்கையாளர் கூட உக்காரக் கூடாதுன்னு ரூல் இருக்கும்மா."

"மூணாங் கிளாஸ்ல நீ பஸ்ஸுல வாந்தி எடுத்தப்ப அதை நான் அள்ளணும்னு எந்த ரூல்லயும் இல்லடா."

லைல் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவியை வாங்கிக்கொண்டார். ஐம்பது வயது மனுஷன், அதிகம் பேசமாட்டார். அவர் ஓட்டுநர் பக்கம் ஏறினார். நான் அந்தப் பக்கம் ஏறினேன்.

ஏறும்போதுதான் உறைத்தது. இந்த இருக்கையில் நான் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. நாலு மாதம், வாரத்துக்கு மூன்று பயணம், எல்லாவற்றிலும் ஸ்டியரிங் என் கையில். அறுபதில் லைல் ஒரு கையை ஸ்டியரிங் மேல் போட்டுக்கொண்டு எதிரே வந்த தபால் வண்டிக்கு இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். எழுபதில் நெடுஞ்சாலையில் ஏறினோம். எழுபத்திமூன்றில் வந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த உதறல் இல்லை அது. ஓட்டுநர் இருக்கையில் அது ஒரு தொல்லை, அவ்வளவுதான். இங்கே தண்டுவடத்தின் அடியில் பிடித்துப் பிடரி வரை உலுக்கியது. பல்லோடு பல் இடித்தது. பார்வை மங்கியது. என் கை தானாக மேலே போய்க் கைப்பிடியைப் பற்றியது. அதன் உறை ஒரு பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. நாலு மாத வண்டியில் தேய்மானம்! ஊசி குத்திய கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் இதைப் பிடித்தபடிதான் அவன் அத்தனை மைலும் வந்திருக்கிறான். அவன் மடியில்தான் நான் அந்தக் காகிதத்தைப் போட்டேன்.

"அட கடவுளே" என்றார் லைல். வேகத்தைக் குறைத்தார், நின்றது. கூட்டினார், வந்தது. என்னைப் பார்த்தார். "அம்மா, இந்த மூட்டை எப்பவும் பின்னாடியேவா இருக்கும்?"

"வேற எங்க இருக்கும்? குளிர்காலம்யா!"

"மூணு தடவையும் எங்கிட்ட வந்தப்ப இல்லியே."

"நீங்கதானே இறக்கச் சொன்னீங்க!"

அவர் வண்டியைப் பட்டறைப் பக்கம் திருப்பினார். பிறகு, "என் வண்டியிலயும்தான் மணல் கெடக்கு. இந்த ஊர்ல எல்லார் வண்டியிலயும் கெடக்கு. கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க" என்றார். எனக்கும்தான் தோன்றவில்லை. சிங்காரித்துக் கொண்டுபோன புத்திசாலி நான்தானே.

பட்டறையில் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் போனவர் ஐந்து நிமிடத்தில் என்னைக் கூப்பிட்டார். இன்ஜினிலிருந்து பின் அச்சுக்குப் போகிற நீளத் தண்டு இரண்டு துண்டாக இருக்கிறது. நடுவில் அதைத் தாங்குவது சென்டர் பேரிங். அந்த பேரிங்கை வண்டியின் சட்டத்தோடு பிடிக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் ஒரு தகடு இருக்க வேண்டும். ஒரு பக்கம் இருந்தது. மறுபக்கம் வெறும் இடைவெளி. காலித் தொட்டி என்றால் தண்டு எப்படியோ நேராக ஓடிவிடும். பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்ததும் கோணம் மாறித் தண்டு சுழன்று அடிக்கும். பேரிங்கைச் சுற்றிய ரப்பர் கிழிந்து நார் நாராகத் தொங்கியது.

"கம்பெனியில மாட்டறப்பவே விட்டுட்டாங்க" என்றார் லைல். "அடிச்சு அடிச்சு ரப்பரும் போச்சு."

கோல்பி கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு வந்தான். அவன் முகத்தில் இப்போது ரத்தம் இல்லை.

"பார்ட் வர ஒம்பது நாள் ஆகும்மா."

நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன். விற்பனைக்கு நின்றிருந்த புது பிக்கப்கள், எங்கள் வண்டியின் அச்சு அசல் உடன்பிறப்புகள், பதினொன்று. லைலும் பார்த்தார். கோல்பியும் பார்த்தான்.

"அது முடியாதும்மா. முதலாளி இருந்தா என்னைய—"

"உன் பெரியப்பாவுக்குக் கடைசியில எல்லாம் நடுங்குதுன்னு சொன்னியே. அவரை யாராச்சும் வண்டியில வச்சுக் கூட்டிட்டுப் போனீங்களா? எந்த வண்டி?"

கோல்பி தரையைப் பார்த்தான். பிறகு சாவிப் பலகையிலிருந்து ஒன்றை எடுத்து லைல் கையில் கொடுத்தான். "கையெழுத்து நான் போட்டுக்கறேன்" என்றான். அந்த ஒரு நிமிடம் மட்டும் அவனை எனக்குப் பிடித்திருந்தது.

அந்தப் புது வண்டியிலிருந்து பேரிங்கையும் தகடுகளையும் கழற்றி எங்கள் வண்டியில் மாட்டி முடித்தபோது மணி மூன்று. லைல் என்னை மறுபடி அதே இருக்கையில் உட்கார வைத்து, மூட்டைகளோடு, எண்பதில் ஓட்டிக் காட்டினார். ஒன்றுமில்லை. திரும்பி வந்தால் கோல்பி நாலாவது காகிதத்தை நீட்டினான். படித்தேன். "வாடிக்கையாளர் பின்தொட்டியில் பாரம் ஏற்றியிருந்ததால் அதிர்வு."

பிடித்திருந்ததெல்லாம் போய்விட்டது.

"இது என்னடா வண்டி? பிக்கப்! பாரம் ஏத்தத்தானே வித்தீங்க? தொட்டி என்ன கோழி அடைகாக்கவா வச்சிருக்கு?"

"அது கம்பெனிக்கு அனுப்பற வாசகம்மா, அப்படித்தான்—"

"அந்த வரிய அடி. அடிச்சுட்டு நான் சொல்றத எழுது. எந்த மாசத்துலேருந்துன்னும் எழுது."

அவன் எழுதினான். நான் சொல்லச் சொல்ல, எழுத்துக் கூட்டி எழுதுகிற பிள்ளை மாதிரி எழுதினான். "தொழிற்சாலையில் ஒரு தகடு பொருத்தப்படவில்லை. அக்டோபர் முதல் வண்டி உதறிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் சொன்னது சரி." 'வாடிக்கையாளர்' என்பதை அடித்துவிட்டு 'ஆரின் ஹாகன்' என்று எழுதச் சொன்னேன். அதையும் எழுதினான்.

வீட்டுக்கு வந்து ஆரினின் கட்டிலில் உட்கார்ந்து, காகிதத்தைச் சத்தமாகப் படித்தேன். போன தடவை படித்த அதே குரலில் படிக்க நினைத்தேன், முடியவில்லை. அந்த இருக்கையில் உட்கார்ந்து பார்த்ததைச் சொன்னேன். உன் பேச்சை விட்டுவிட்டு ஒரு காகிதத்தை நம்பினேன், என்னை மன்னித்துவிடு என்று சொன்னேன்.

அவன் காகிதத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு தானே ஒரு தடவை படித்தான்.

"கையெழுத்து கோல்பியோடதா?"

"ஆமா."

"பாவம், பயலுக்கு இன்னும் எழுத்து கோணலாத்தான் வருது." காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்?"

மறுநாள் காலை வெயில் அடித்தது. எட்டு மூட்டைகளும் பின்னால் உறைந்தபடியே வந்தன. அறுபதில் அவன் பேசுவதை நிறுத்தினான். எழுபதில் கை மேலே போய்க் கைப்பிடியைப் பற்றியது. நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். எழுபத்திமூன்று. எழுபத்தாறு. எண்பது.

"இப்ப எத்தனைல போற?" என்றான்.

"எண்பது."

"பொய் சொல்லாத."

"எட்டிப் பாரு."

எட்டிப் பார்த்தான். பிறகும் பத்து மைல் வரை கைப்பிடியை விடவில்லை. கோல்பியைப் பற்றி எனக்கு இன்னும் நிறையச் சொல்ல இருந்தது. அந்த அடித்த வரியைப் பற்றி மட்டுமே பில்லிங்ஸ் வரை பேசியிருப்பேன். ஆரம்பித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஆரின் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். கை மடியில் கிடந்தது.